பாய் குடிக்காமல் வைத்த டம்ளர்

இதை எழுதட்டுமா என்று பிரபுவிடம் சில மாதங்களுக்கு முன் கேட்டேன். ஊன்றுகோலைச் சாய்த்து வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்து நடந்து பழகிக்கொண்டிருந்தான். "எழுதுங்கம்மா. ஆனாக் காலு ஒடஞ்சதை மட்டும் எழுதி நிறுத்திப்போடாதீங்க" என்றான். பார்க்க வந்த சொந்தக்காரர்களுக்கெல்லாம் நாங்கள் காலைப் பற்றி மட்டும்தான் சொல்லியிருந்தோம். மிச்சத்தையும் சொல்லச் சொன்னான். அதனால் இப்போது எழுதுகிறேன்.

பிரபு எங்களுக்கு ஒரே மகன். லாரி டிரைவர். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துக் கொஞ்ச நாள் ஒரு கம்பெனிக்குப் போனான். நாலு சுவருக்குள் இருக்க முடியவில்லை என்று வண்டிக்கு வந்துவிட்டான். நான் நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. அவன் அப்பா பம்புசெட் பட்டறையில் லேத் ஓட்டுகிறவர். அந்த மாதிரி பட்டறைகளில் செய்த பம்புகளைத்தான் பிரபு ராஜஸ்தான் வரைக்கும் ஏற்றிக்கொண்டு போவான். திரும்பி வரும்போது மார்பிள் கல்.

முன்பெல்லாம் அவ்வளவு தூரம் போகும் வண்டிக்கு இரண்டு டிரைவர் இருப்பார்கள். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் சீட்டுக்குப் பின்னால் படுத்துத் தூங்குவார். இப்போது ஆள் கிடைப்பதில்லை. ஒற்றை ஆளாகவே அனுப்பிவிடுகிறார்கள். "எப்படிக் கண்ணு தூங்குவே?" என்று கேட்டால், "கெடைக்கற நேரத்துல தூங்கிக்குவனுங்கம்மா" என்பான். சரிதான் என்று இருந்துவிடுவேன். ஒவ்வொரு முறையும் சிரித்த முகத்தோடு வந்து இறங்குகிற பையன்.

அன்று மதுக்கரைக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கில் லோடு ஏற்றிவிட்டு மேலே ஏறித் தார்ப்பாய் கட்டியிருக்கிறான். இழுத்த கயிறு அறுந்து, பின்பக்கமாகக் கீழே விழுந்துவிட்டான். பட்டறையிலிருந்து அவரும் பள்ளியிலிருந்து நானும் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது காலுக்குக் கட்டை வைத்துக் கட்டிப் படுக்க வைத்திருந்தார்கள்.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். தொடை எலும்பு, சுள்ளியை ஒடித்தது போல இரண்டாகியிருந்தது. "எலும்புக்கு நடுவுல நீளமா ஒரு கம்பியைச் செலுத்தி ரெண்டு துண்டையும் ஒண்ணாக்கி நிறுத்தணுங்க. வயசுப் பையன். நல்லா நடப்பான், பயப்படாதீங்க." பயப்படாதீர்கள் என்று டாக்டர்கள் சொன்னதும் பயம் போய்விடுகிறவர்களும் இருப்பார்கள் போல. எனக்கு அப்போதுதான் பயமே தொடங்கியது.

அறுவைச் சிகிச்சைக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருக்கும்போதே பிரபுவுக்கு வேறு ஏதேதோ வந்தது. முதலில் கொட்டாவி. விடாமல், தாடை வலிக்கிற அளவுக்குக் கொட்டாவி. கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிந்தது. கையில் மயிர்க்கால் எல்லாம் குத்திட்டு நின்றது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு புரண்டான். புரளவும் முடியாத கால். வயிற்றுப்போக்கு வேறு. அசைக்கக் கூடாத காலோடு படுத்திருப்பவனுக்கு வயிற்றுப்போக்கு என்றால் என்ன என்பதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். ஒரு நர்ஸ் பெண், என் பள்ளியில் படித்து முடித்துப் போன பிள்ளைகளின் வயதுதான் இருக்கும், முகம் சுளிக்காமல் துடைத்துத் துடைத்து விரிப்பு மாற்றினாள். "அண்ணா, சங்கடப்படாதீங்க, எங்க அப்பாவுக்குச் செய்யறதுதான்" என்றாள். பிரபு கண்ணைத் திறக்கவில்லை.

வலிக்குப் போட்ட ஊசி அவனிடம் எடுபடவே இல்லை. பெரிய டாக்டர் அட்டவணையைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு மருந்துக்கும் வலி அடங்கலீங்களா?" என்று நெற்றியைச் சுருக்கினார். டெங்குவா, டைபாய்டா என்று ரத்தம் எடுத்தார்கள். எதுவும் இல்லை என்று வந்தது. காரணம் தெரியாமல் கத்தி வைக்க மாட்டோம் என்று அறுவையைத் தள்ளி வைத்தார்கள். பரிசோதனைக் கூடத்துக்கு வெளியே இரும்பு நாற்காலியில் நானும் என் வீட்டுக்காரரும் உட்கார்ந்திருந்தோம். ஒன்றும் இல்லை என்று வரும் ரிசல்ட்டுக்குப் பயந்தது அப்போதுதான்.

அன்று பிரபு என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான். "அம்மா, வண்டில இருந்து என் பை வந்திருக்குமே. அதுல செவப்பு மூடி போட்ட டப்பா இருக்குதுங்க. வடக்கே கெடைக்கற மூலிகைப் பொடி. மேல்வலிக்கு நல்லாக் கேக்கும். டீயில போட்டுக் கொண்டு வாங்க."

பை வீட்டுக்கு வந்திருந்தது. டப்பாவைத் திறந்து பார்த்தேன். காய்ந்த கடலை ஓட்டை இடித்தது போலப் பழுப்பாகக் கொரகொரவென்று ஒரு பொடி. நாக்கில் வைத்தால் ஒரே கசப்பு. எங்கள் வீடுகளில் சளிக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று என்று ஏதாவது ஒரு கசாயம் எப்போதும் அடுப்பில் இருக்கும். பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்க் கொண்டுபோகாத தாய் எங்கள் பக்கத்தில் இல்லை. கசப்பைப் பிள்ளை எப்படிக் குடிப்பான் என்று அந்தப் பொடியோடு நானே சுக்குத் தட்டிப் போட்டு, மல்லி சேர்த்து, கருப்பட்டி கரைத்துக் கொதிக்க வைத்து வடிகட்டினேன்.

குடித்த சற்று நேரத்தில் கொட்டாவி நின்றது. கண்ணில் நீர் நின்றது. வயிறு அடங்கியது. சாயங்காலம் இட்லி கேட்டான். மறுநாளும் கொண்டுபோனேன். பெரிய டாக்டருக்கே சந்தோஷம். "ஏதோ வைரஸ் காய்ச்சலா இருந்திருக்கும். நாளைக்குக் காலையில ஆபரேஷனை வெச்சுக்கலாம்" என்றார். நான் சுக்குத் தண்ணீரைப் பற்றிச் சொல்லவில்லை. டாக்டர்கள் சிரிப்பார்கள். ஆனால் வராந்தாவில் பக்கத்துக் கட்டில்காரரின் மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். அந்த அம்மாள் பக்குவம் கேட்டுக்கொண்டாள்.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் வந்தார். சின்ன வயதுப் பெண். பல் ஆடுகிறதா, ஆஸ்துமா உண்டா என்று கேட்டுக்கொண்டே வந்து, "குடி, புகையிலை, கஞ்சா, வேற ஏதாவது மாத்திரை?" என்றார்.

"ஒண்ணும் இல்லீங்க" என்றான் பிரபு.

"ஒரு பழக்கமும் இல்லாத பையனுங்க" என்றேன் நான்.

அன்று மத்தியானம் பார்வையாளர் நேரத்தில் சையது பாய் வந்தார். கோயம்புத்தூர் உக்கடத்துக்காரர். பிரபுவுக்கு லாரி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் இல்லை. அவனுக்குப் பக்கத்து வண்டி, அவ்வளவுதான். ஆனால் பல நடைகள் முன்னும் பின்னுமாக ஒரே பாதையில் போய் வந்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறார். கையில் ஒரு பொட்டலம் வர்க்கி பிஸ்கட்டோடு வந்தவர், கட்டிலைச் சுற்றிப் பார்த்தார்.

"என்னடா தம்பி, ராசா மாதிரி படுத்திருக்கே. ஏத்தி எறக்கறதுக்குப் பட்டன் வேற. நம்ம வண்டி சீட்டு இப்படி இருந்தா நான் ஊட்டுக்கே போக மாட்டேன்."

"நீங்க இப்பவும்தான் ஊட்டுக்குப் போறதில்லையே பாய்" என்றான் பிரபு.

"போனா எம் ஊட்டுக்காரி ரேஷனுக்கு அனுப்பறா. அதுக்கு ராஜஸ்தானே தேவலை."

வாங்கி வந்த வர்க்கியில் பாதியை அவரே தின்றார். வெறும் வர்க்கி விக்கும் என்று பிளாஸ்கிலிருந்து ஒரு டம்ளர் ஊற்றினேன். பிரபு அவசரமாக, "அம்மா, பாய்க்குக் கீழே கேன்டீன்ல டீ வாங்கிக்கலாங்கம்மா" என்றான்.

"பேசாம இரு கண்ணு. அதெல்லாம் ஒரு டீயா? குடிங்க பாய், நானே வெச்சது."

பாய் டம்ளரை வாய் வரைக்கும் கொண்டுபோனார். அப்படியே நிறுத்தினார். மூக்கருகே ஒரு கணம் பிடித்திருந்துவிட்டு, குடிக்காமல் மருந்து மேசை மேல் வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. பிரபுவைப் பார்த்தார்.

"ஏனுங்க பாய், சர்க்கரை போடலீங்க, கருப்பட்டிதான்."

"இருக்கட்டுங்க டீச்சரம்மா."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. கொடுத்ததைக் குடிக்காமல் வைப்பது எங்கள் பக்கத்தில் முகத்தில் அடித்தது போல. அது அவருக்கும் தெரியும்.

"டாக்டர் என்ன சொன்னாங்க?" என்று கேட்டார்.

"நாளைக்குக் காலையில ஆபரேஷனுங்க. மயக்கம் குடுத்துத்தான்."

"மயக்க டாக்டர் வந்து விசாரிச்சாங்களா?"

"விசாரிச்சாங்க. ஒரு பழக்கமும் இல்லைன்னு சொல்லியாச்சு."

பாய் தலையாட்டினார். ஸ்டூலைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். "அப்ப நான் செத்த நேரம் உக்கார்றனுங்க" என்றார்.

உட்கார்ந்தவர் எழவே இல்லை. பேச்சும் நின்றுவிட்டது. அவர் போன் அடித்தது. "ஆஸ்பத்திரில இருக்கனுங்க... லோடு ஏத்தியாச்சுன்னு தெரியுமுங்க... எப்ப வருவேன்னு தெரியாதுங்க" என்று வைத்தார். மறுபடி அடித்தது. எடுக்கவில்லை. பார்வையாளர் நேரம் முடிந்து செக்யூரிட்டி வந்தார். "நேரமாச்சுங்க, ஒருத்தர் மட்டும்தான் இருக்கோணும்."

"நான் பாக்க வந்தவன் இல்லீங்க, துணைக்கு இருக்கறவன்" என்றார் பாய். நான் திகைத்துப்போனேன்.

"பாய், போங்க" என்றான் பிரபு. "லோடு நிக்குமில்ல."

"நிக்கட்டும். லோடா பேசப்போகுது? நீ பேசு."

"என்னத்தைப் பேசறதுங்க?" என்று நான் கேட்டேன். பிரபு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். பாய் கைகளைத் தொடை மேல் வைத்துக்கொண்டு, ரயிலுக்குக் காத்திருப்பவர் போல உட்கார்ந்திருந்தார். செக்யூரிட்டி இன்னொரு முறை வந்து பார்த்து, என்ன தோன்றியதோ, திரும்பிப் போய்விட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நாளைக்கு அறுவைக்குப் போகிற பிள்ளையை இந்த மனுஷன் எதற்கு இப்படி வதைக்கிறார்?

சுவரைப் பார்த்தபடியே பிரபு சொன்னான். "அம்மா, அந்த மயக்க டாக்டரைக் கூப்பிடச் சொல்லுங்க."

டாக்டர் வந்ததும் பிரபு முதலில் சொன்னது இது. "எங்கம்மாவுக்குத் தெரியாதுங்க மேடம். மூலிகைன்னு நெனச்சுத்தான் வெச்சுக் குடுத்தாங்க. அவங்க மேல தப்பில்லீங்க." அதற்குப் பிறகுதான் விஷயத்தையே சொன்னான்.

அந்தப் பொடி கசகசாச் செடியின் காய். விதையை எடுத்துவிட்டு மிஞ்சும் ஓட்டைக் காயவைத்து இடித்தது. வடக்கே டோடா என்கிறார்கள். அபின் எடுப்பதும் அந்தக் காயிலிருந்துதான். ஓட்டிலும் அந்தச் சத்து கொஞ்சம் தங்கிவிடுகிறது. நெடுஞ்சாலைத் தாபாவில் ஒருவன் டீயில் கலந்து கொடுத்திருக்கிறான். முதுகுவலி போய்விட்டது. களைப்புத் தெரியவில்லை. ஒற்றை ஆளாக இன்னும் ஒரு மாநிலத்தைத் தாண்ட முடிந்தது. அப்புறம் அது இல்லாமல் வண்டியில் ஏறவே முடியாமல் போயிருக்கிறது. "ரெண்டு வருசமாங்க" என்றான். "நிறுத்திப் பாத்தேன். இந்த மாதிரிதான் ஆகுமுங்க. கொட்டாவி, வயித்துவலி. மறுபடியும் குடிச்சுப்போடுவேன்."

நான் எட்டாம் வகுப்புக்குப் போதைப்பொருளின் தீமைகள் பாடம் எடுக்கிறவள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

டாக்டர் திட்டவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, எப்போதிலிருந்து, எவ்வளவு, கடைசியாக எப்போது என்று கேட்டார். அப்புறம் எனக்கும் விளக்கினார். வந்தது காய்ச்சல் இல்லை. உடம்பு பழகிய பொருள் திடீரென்று நின்றதால் வந்த தவிப்பு. உடம்பு அபினுக்குப் பழகியதால்தான் அதே இனத்தைச் சேர்ந்த வலி ஊசி அவனிடம் பலிக்கவில்லை. "நாளைக்கு நாங்க குடுக்கற மயக்க மருந்தும் வலி மருந்தும், எங்களுக்குத் தெரியாம உள்ளே இருக்கற இதுவும் ஒண்ணா சேர்ந்தா, மூச்சு விடச் சொல்ற மூளைப் பகுதி மந்தமாயிடும்மா. ஆபரேஷன் முடிஞ்சு வார்டுக்கு வந்து, நீங்க பிளாஸ்க்ல இன்னொரு டம்ளர் குடுத்திருந்தா..." அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. "தெரிஞ்சாச்சு. இனி அளந்து குடுத்துப் பாத்துக்குவோம்" என்றார்.

"போலீஸுக்குச் சொல்லுவீங்களா?" என்று கேட்டேன். முதலில் அதைத்தான் கேட்க வேண்டுமா என்று இப்போது தோன்றுகிறது.

"உங்க பையன் எங்ககிட்ட வைத்தியத்துக்கு வந்தவர்ம்மா" என்றார்.

பாய் அப்போதுதான் எழுந்தார். வராந்தாவில் அவர் பின்னால் ஓடினேன். "மொதல்லயே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லைங்க" என்றேன்.

"ஒரு டிரைவரைப் பத்தி இன்னொரு டிரைவர் ஊட்டுலயோ ஓனர்கிட்டயோ சொல்றதில்லீங்க. எங்க ஆளுகளுக்குள்ள அப்படி ஒரு இது. நானும் ஒரு காலத்துல குடிச்சவன். அந்த வாசனை மறக்காது." கொஞ்சம் நின்றார். "நான் சொல்லியிருந்தா நீங்க அழுதிருப்பீங்க, அவன் இல்லைன்னு சாதிச்சிருப்பான், நாளைக்கு என் போனையும் எடுக்க மாட்டான். அவனே சொன்னாத்தான் அது நிக்குமுங்க."

"அவன் சொல்லாமயே இருந்திருந்தா?"

"விடியற மட்டும் உக்காந்திருப்பேன். மயக்க டாக்டர் உள்ளே வர்றப்ப நானே சொல்லியிருப்பேன். அதுக்கு மேல எங்க ஆளுக கட்டுப்பாடாவது ஒண்ணாவது." அப்புறம் சிரித்தார். "டீச்சரம்மா, அந்த டம்ளரைக் குடிக்கலைன்னு கோவிச்சுக்காதீங்க."

நிற்கிற லோடுக்காக அவரை யார் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்டும் சொல்லவில்லை. அந்த மனுஷரை நினைத்தால் இன்றும் என் கை தானாகக் குவியும்.

கீழே காத்திருப்புக் கூடத்தில் என் வீட்டுக்காரர் காலையில் படித்த பேப்பரையே மறுபடி படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். பேப்பரை மடித்தார். மடித்ததை மறுபடி மடித்தார்.

"டாக்டர் கண்டுபுடிச்சாங்களா, அவனே சொன்னானா?"

"அவனே சொன்னானுங்க."

"அப்பப் போதும் அம்மணி" என்றார். எழுந்துபோய் எனக்குத் தயிர்சாதப் பொட்டலம் வாங்கி வந்து, பிரித்துக் கையில் கொடுத்தார். அன்றே வீட்டுக்குப் போய் டப்பாவில் மிஞ்சியதைக் கழிவறையில் கொட்டித் தண்ணீர் விட்டுவிட்டு வந்தார்.

அறுவையை ஒரு நாள் தள்ளிப்போட்டுத் தயார் செய்தார்கள். உள்ளே கொண்டுபோனபோது மயக்க டாக்டர் என் தோளைத் தொட்டு, "மூச்சுப் பக்கத்துலயே இருப்பேன்" என்றார். இருந்தார். முடிந்து வெளியே கொண்டுவந்த பிறகும் விரலில் மாட்டிய கருவியைப் பார்த்துக்கொண்டு அவர் அருகிலேயே நின்றதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பில் வந்தபோது நானும் என் வீட்டுக்காரரும் ஒரே நேரத்தில் மூக்குக் கண்ணாடியைத் தேடினோம். அதோடு அந்தக் கதையை விட்டுவிடுகிறேன்.

வலி அடங்கத் தொடங்கியதும் மனநல மருத்துவர் வந்தார். நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்கிற ஒரு மாத்திரை. அது தவிப்பை அடக்கும், ஆனால் போதை ஏற்றாது. ஒரு போதைக்குப் பதில் இன்னொன்றா என்று நான் கேட்டதற்கு, ஒடிந்த காலுக்கு ஊன்றுகோல் போல என்றார். திடீரென்று நிறுத்தக் கூடாது, அவர்களே மெல்லக் குறைப்பார்கள். தான் சொல்லும் வரை ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்றும் சொன்னார். பிரபு தொடவில்லை. நடக்கப் பழகின வலியை விட அந்த மாதங்கள்தான் அவனுக்குக் கஷ்டம். எரிந்து விழுவான், அழுவான், ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டான். மறுநாள் காலையில் தானே நாக்கைத் தூக்கி மாத்திரையை வைத்துக்கொண்டு, பேச முடியாமல், எனக்குக் கையால் சைகை காட்டி மன்னிப்புக் கேட்டான். என் மகன் பிறந்ததிலிருந்து அவனைத் தெரியும் என்று இருந்தேன். இவ்வளவு மன உறுதி உள்ளவன் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

பழைய முதலாளி போன் செய்தார். பிரபு ஸ்பீக்கரில் போட்டு எல்லாவற்றையும் சொன்னான். யோசித்துச் சொல்கிறேன் என்றவர் பிறகு கூப்பிடவே இல்லை. "அவர் பயமும் நியாயந்தானுங்கம்மா" என்றான்.

டாக்டர் அனுமதி கொடுத்த பிறகு, பழைய முதலாளியிடம் சொன்னதை அங்கேயும் சொல்லியே ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தான். சிமென்ட் லோடு. பக்கத்து ஊர்கள் மட்டும், போன அன்றே வீடு. முதல் நாள் தாராபுரம். அவன் கிளம்பியதிலிருந்து நான் போனைப் பார்த்தபடியே இருந்தேன். விடுமுறை நாள். சமையலுக்குத் தேங்காய் துருவி மிக்ஸி ஜாரில் போட்டிருந்தேன். போன் அடித்தது. அவன் பெயரைப் பார்த்ததும் ஈரக் கையோடே எடுத்தேன்.

"அம்மா, தாராபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால வண்டியை ஓரங்கட்டிப் போட்டனுங்க."

"என்னாச்சு சாமி?"

"ஒண்ணும் ஆகலீங்கம்மா. தூக்கம் வருது. ஆபீஸுக்குச் சொல்லிட்டேன், லோடு லேட்டாகுமுன்னு. செத்த நேரம் தூங்கிட்டுப் போறேன். நீங்க தேடுவீங்கன்னுதான் கூப்பிட்டேன்."

"தூங்கு கண்ணு" என்றேன். அவன் வைத்த பிறகும் கொஞ்ச நேரம் போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

பின்கட்டிலிருந்து அவர் வந்தார். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஜாரில் தேங்காய் அப்படியே இருந்தது. "ஏன் அம்மணி, மிக்ஸி போடலையா? கரண்ட் இல்லையா?" என்று கேட்டார்.

"இருக்குதுங்க. செத்த நேரம் போகட்டும்" என்றேன். "பையன் தூங்கறான்."